ஆளோலை முதல் ஏழு தலைமுறைகள் வரை
(அடிமை ஒழிப்பு நூல்களின் மறுபதிப்புகள் – ஒரு வணிகனின் வாசிப்பு)

அடிமை முறை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது அமெரிக்கா, கறுப்பின மக்கள், ஆபிரகாம் லிங்கன். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று இந்த மலரைப் புரட்டும் அன்பர்கள் கேட்கலாம். நம் சித்தூர், திருப்பதி வட்டாரத்துக்கும் அதற்கும் நேரான தொடர்பு உண்டு என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடியேன் பட்டம் பெற்ற ஆராய்ச்சியாளன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பம். சித்தூருக்கு வந்து அரிசி வியாபாரம் செய்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. மண்டியில் சரக்கு வராத நேரத்தில் படித்ததுதான் என் கல்வி. ஆகவே எந்த நூலையும் வியாபாரியின் கண்ணோடுதான் படிக்க வருகிறது. யார் கொடுத்தது, யார் வாங்கியது, பாக்கி யார் பேரில் நிற்கிறது என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அடிமை முறையை விளங்கிக்கொள்ள இந்தப் பழக்கம் கொஞ்சம் உதவத்தான் செய்கிறது.

மறந்துபோன மூன்று நூல்கள்

முதலில் வெளியுலக நூல்கள் மூன்றைப் பார்ப்போம்.

ஒலாடா இக்வியானோ என்பவர் அடிமையாக விற்கப்பட்டு, கப்பல்களில் வேலை பார்த்தவர். மேற்கிந்தியத் தீவுகளில் மூன்று பென்ஸ் முதல் போட்டு ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கி, வேறொரு தீவில் இரட்டிப்பு விலைக்கு விற்றார். அப்படி ஆரம்பித்த சில்லறை வியாபாரத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு, 1766-ல் எஜமானர் சொன்ன 40 பவுன் விலையைக் கொடுத்துத் தம்மைத் தாமே வாங்கிக்கொண்டார். தம் வரலாற்றை 1789-ல் லண்டனில் முன்பதிவுச் சந்தா சேர்த்துத் தாமே வெளியிட்டார். 1797-ல் அவர் காலமாவதற்குள் அங்கே 9 பதிப்புகள் வந்துவிட்டன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதைத் தேடுவாரில்லை. 1967-ல் பால் எட்வர்ட்ஸ் என்பவர் சுருக்கப் பதிப்பாகக் கொண்டுவந்த பிறகுதான் மீண்டும் உலகம் படித்தது.

இரண்டாவது, ஃபிரடெரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய தன்வரலாறு. தப்பி ஓடிவந்தவர் தம் எஜமானர் பேரையே அச்சில் போட்டுவிட்டார். பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அஞ்சிக் கடல் கடந்து பிரிட்டன் போக வேண்டியதாயிற்று. அங்கிருந்த நண்பர்கள் பணம் திரட்டி 1846-ல் அவருடைய விடுதலையை வாங்கினார்கள். விலை 711 டாலர் 66 சென்ட். சென்ட் வரைக்கும் கணக்கு! இந்த நூலும் பல்லாண்டுகள் அச்சில் இல்லாமல் கிடந்து, 1960-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக மறுபிறவி எடுத்தது.

மூன்றாவது, ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணி 1861-ல் புனைபெயரில் வெளியிட்டது. அடிமைப் பெண் ஒருத்தி இவ்வளவு நன்றாக எழுதியிருக்க முடியாது, பதிப்பித்துக் கொடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி கட்டிய கதைதான் இது என்று படித்தவர்களே நூறாண்டுக்கு மேல் நம்பிவந்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற பேராசிரியர் பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, எழுதியவர் ஜேக்கப்ஸ்தான் என்று நிறுவி 1987-ல் பதிப்பித்தார். அந்த மறுபதிப்பு ஒருத்தியின் பேரை அவளுக்கே திருப்பிக் கொடுத்தது.

மறுபதிப்பின் அருமை தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஏட்டில் கிடந்த சீவக சிந்தாமணியை உ.வே.சா. 1887-ல் அச்சிட்டிராவிட்டால் நம் இலக்கிய வரலாறே வேறு. கும்பகோணத்துச் சமணர்கள் அவருக்கு உதவியதை எங்கள் வீடுகளில் இன்றும் பெருமையாகச் சொல்லுவார்கள். பெருமை தரும் ஏட்டை மறுபடி அச்சிட எல்லோரும் முன்வருவர். தலைகுனிய வைக்கும் ஏட்டை அச்சிடத்தான் ஆள் குறைவு.

நம் பக்கத்து ஏடுகள்

அப்படிப்பட்ட ஏடு நம்மிடம் இருக்கிறதா? இருக்கிறது. பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றை எல்லோரும் அறிவோம். திருமண நாளன்று கிழவேதியர் ஒருவர் வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று ஆளோலையை நீட்டுகிறார். திருவெண்ணெய்நல்லூர் சபையார் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் இறைவன் என்பது பிறகு தெரிகிறது. பக்தர்களுக்கு இது தடுத்தாட்கொண்ட கதை. எனக்கு இன்னொன்றும் கண்ணில் படுகிறது. ஆளை எழுதி வாங்கும் ஓலை, அதை விசாரிக்கும் முறை, அது பேரப்பிள்ளை வரை பாயும் என்ற வழக்கு ஆகியவையெல்லாம் சேக்கிழார் காலத்துக் கேட்போருக்கு விளக்கம் தேவைப்படாத விஷயங்களாக இருந்திருக்கின்றன. திருப்பதியில் வைணவ அன்பர்கள் ஒருவரையொருவர் கண்டால் ‘அடியேன்’ என்கிறார்கள். நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். பக்தியில் பெருமையாகிவிட்ட அந்தச் சொல்லுக்கு ஒரு காலத்தில் சந்தையில் விலையும் இருந்தது.

விலையைக் கல்வெட்டே சொல்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்துத் திருப்பாம்புரம் கோயில் கல்வெட்டு மூன்றாம் குலோத்துங்கன் காலத்தது, கி.பி. 1201. பஞ்சம் தாங்காமல் வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். அப்போது நெல் காசுக்கு 3 நாழி விற்றதாம். அரிசி வியாபாரி சும்மா இருப்பேனா, கணக்குப் போட்டேன். 110 காசுக்கு 330 நாழி நெல். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம் என்று கொண்டால் 3 கலம் 5 குறுணி 2 நாழி. ஆளுக்கு நாளொன்றுக்கு 2 நாழி நெல் என்று வைத்தாலும் மூன்று பேருக்கு 55 நாள்தான் வரும். மூன்று உயிர்களின் ஆயுள் முழுக்க உள்ள உழைப்பு, இரண்டு மாதச் சோற்றுக்குக் கூட ஈடாகவில்லை. விற்றவரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்யதை? பசித்த வயிறு பேரம் பேசுமா?

இந்த மாதிரிச் சான்றுகளைத் தொகுத்து அறிஞர் ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய ‘தமிழகத்தில் அடிமை முறை’ என்னும் நூலைக் காலச்சுவடு பதிப்பகம் 2005-ல் வெளியிட்டது. வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம்.

பிறர் ஏட்டைச் சொல்லிவிட்டு எங்கள் ஏட்டை மூடி வைப்பது நியாயமில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், இல்லறத்தான் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டிய உடைமைகளை வரிசையாகச் சொல்கிறது. நிலம், வீடு, வெள்ளி, பொன், தானியம் இவற்றோடு தாசி, தாசன் என்றும் வருகிறது. அதாவது ஆணடிமையும் பெண்ணடிமையும் உடைமைப் பட்டியலில் இருந்தார்கள். அளவு வை என்றார்களே தவிர, வைக்கவே கூடாது என்று அந்த வரி சொல்லவில்லை. அதே சமயம் சமந்தபத்திரரின் சிராவகாசார நூல் அகிம்சை விரதத்துக்கு ஏற்படும் ஐந்து குற்றங்களைச் சொல்கிறது. உறுப்பை அறுத்தல், கட்டிவைத்தல், துன்புறுத்துதல், அளவுக்கு மீறிச் சுமையேற்றுதல், உணவைத் தடுத்தல் ஆகியவையே அந்த ஐந்து. தமிழில் அருங்கலச்செப்பு இந்நூலின் வழி வந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் யோகசாஸ்திரத்தில் இல்லறத்தான் செய்யக்கூடாத பதினைந்து தொழில்களைக் கூறுகிறார். அவற்றுள் ‘கேச வாணிஜ்யம்’ என்பது மனிதரையும் விலங்கையும் விற்கும் வியாபாரம். ஆக, உடைமைப் பட்டியலில் ஆளை வைத்திருந்த அதே மரபு, ஆள் வியாபாரம் பாவம் என்றும் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நேர்மை.

1843 – நம் ஊரில் இரண்டு காரியங்கள்

1833-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளும் இலங்கையும் செயின்ட் ஹெலினாத் தீவும் அதிலிருந்து விலக்கப்பட்டன. இதைக் கண்டித்து எழுந்த நூல்களுள் ஒன்று வில்லியம் ஆடம் எழுதியது. இவர் வங்காளத்தில் ராஜாராம் மோகன் ராயோடு பழகியவர், அங்கே கல்வி நிலை பற்றி அறிக்கைகள் எழுதியவர். பிறகு அமெரிக்கா சென்று, பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறையின் சட்டமும் வழக்கமும் பற்றி, அடிமை ஒழிப்புத் தலைவர் பக்ஸ்டனுக்குக் கடிதங்களாக எழுதினார். 1840-ல் பாஸ்டனில் அச்சான அந்த நூல், கறுப்பரின் விடுதலைக்குப் பாடுபட்ட ஊரில் நம் நாட்டு அடிமைகளைப் பற்றிப் பேசியது. இன்று அது நகல் பதிப்பாக மீண்டும் கிடைக்கிறது. நம் தேசத்தவரில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873-ல் மராத்தியில் எழுதிய ‘குலாம்கிரி’யை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

சட்டக் குழுவின் அறிக்கை 1841-ல் வந்தது. அதன்பின் 1843 ஏப்ரல் 7-ஆம் தேதி இந்திய அடிமைச் சட்டம், அதாவது அவ்வாண்டின் ஐந்தாம் சட்டம் நிறைவேறியது. அது சொன்னவை நான்கே. தீர்ப்புப் பணத்துக்காகவோ வரி பாக்கிக்காகவோ அதிகாரிகள் ஆளை ஏலம் விடக்கூடாது. ஒருவன் என் அடிமை என்ற உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்காது. ஒருவர் சம்பாதித்த சொத்தை, அவர் அடிமை என்று சொல்லிப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அடிமை எனப்படுவோனுக்குச் செய்தாலும் குற்றமே.

அப்போது நம் சித்தூர், வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். சித்தூர் மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1911-ல்தான். திருப்பதிக்காரர்களுக்கு 1843 என்றால் வேறொன்று ஞாபகம் வரும். திருமலைக் கோயில் நிர்வாகத்தைக் கம்பெனி விட்டுவிட்டு ஹாதிராம்ஜி மடத்திடம் ஒப்படைத்த வருஷம் அது. கோயில் கைமாறிய கதை ஊரெல்லாம் தெரியும். ஆளை விற்கும் உரிமை செல்லாமல் போன கதையைச் சொல்வாரில்லை.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்த 1862-ல்தான். வியாபாரி பாஷையில் சொன்னால், கணக்குப் புத்தகத்தில் ‘சொத்து’ என்ற தலைப்பில் இருந்த ஆளின் பேரை அடித்துவிட்டார்கள். ‘பற்று’ என்ற தலைப்பில் இருந்த அவன் கடன் அப்படியே நின்றது. பழைய அடிமை, படியாளாகவும் பண்ணையாளாகவும் அதே வயலில் அதே படி நெல்லுக்கு நின்றான்.

முன்பணம் என்னும் கயிறு

கடல் கடந்து போனவர்கள் கதையும் இதோடு சேர்ந்ததே. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்ற கப்பல், 342 பேருடன் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. பின்னால் போன கப்பல்களின் பதிவேடுகளில் வட ஆற்காடு என்றும் சித்தூர் என்றும் நம் ஊர்ப் பேர்கள் இருக்கின்றன. இந்த ஒப்பந்தக் கூலி முறையைப் பிரிட்டிஷ் மந்திரி லார்டு ஜான் ரஸ்ஸல் 1840-லேயே புதிய அடிமை முறை என்று குறிப்பிட்டு அஞ்சினார். அந்தச் சொல்லையே தலைப்பாக்கி ஹியூ டிங்கர் 1974-ல் எழுதிய நூல், 1993-ல் மறுபதிப்பு வந்து கடல் கடந்த நம்மவர் வீடுகளில் குடும்ப வரலாறு போலப் படிக்கப்படுகிறது.

இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்குத் தர வேண்டிய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுதான் துண்டு. அதைக் கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் காட்டினால், அந்தத் துரை கடனை அடைத்து ஆட்களை எடுத்துக்கொள்வான். புதுக்கடன் ஆட்கள் தலையில் ஏறும். இதைப் படித்தபோது எனக்கு உண்டியல் வியாபாரம்தான் நினைவுக்கு வந்தது. உண்டியலில் பணம் கைமாறும், துண்டில் மனிதர்கள் கைமாறினார்கள். 1921-ல் அது சட்டத்தால் நிறுத்தப்பட்டது.

நம் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் இதே முன்பணம் செய்த கொடுமையை, அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969-ல் ஆங்கில நாவலாக வெளியிட்டார். கருப்பன், வள்ளி என்ற இளம் தம்பதியர் கங்காணியின் முன்பணத்தை நம்பி மலையேறி மீள முடியாமல் போகும் கதை. வெகுகாலம் அதைப் பேசுவாரில்லை. இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் கொண்டுவந்த பிறகு பதிப்பு மேல் பதிப்பு வந்தது. 2013-ல் ‘பரதேசி’ படத்துக்கும் அதுவே மூலம்.

முன்பணம் வாங்குவது தப்பா என்று கேட்பீர்கள். வியாபாரத்தில் முன்பணம் இல்லாமல் ஒரு மூட்டை நகராது. நானே கொடுத்திருக்கிறேன், வாங்கியிருக்கிறேன். வித்தியாசம் எங்கே என்றால், நான் வாங்கிய முன்பணத்துக்கு நெல்லைக் கொடுத்தால் கணக்குத் தீரும். கணக்கு நோட்டு இரண்டு பேரிடமும் இருக்கும். நெல் கொடுக்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்து கும்பிட்டு வந்துவிடலாம். கூலிக்காரனுக்கு நோட்டு ஒரு பக்கம்தான். விலை சொல்வதும் எடை பார்ப்பதும் எதிராளிதான். கடன் தீரும்வரை வேறிடம் போக முடியாது. இந்த மூன்றும் சேர்ந்தால் முன்பணம் கயிறாகிவிடும்.

சில வருஷங்களுக்கு முன்பு, தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து செங்கல் சூளைக்கு வந்த குடும்பம் ஒன்று என் மண்டிக்கு வந்தது. மேஸ்திரி கொடுத்த கணக்குச் சீட்டைப் படித்துச் சொல்லும்படி கேட்டார்கள். சீட்டு தெலுங்கில் இருந்தது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, வாராவாரம் செலவுக்காசு கழிவு, மேலே பழைய பாக்கி. புருஷன் செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. அவர் பேரை அடித்து, அதே தொகைக்கு மனைவி பேரை எழுதியிருந்தது. ‘‘அவர் வாங்கினது, நாங்கதானே சாமி அடைக்கணும்?’’ என்றார் அந்த அம்மா. ஆளோலை பேரப்பிள்ளை வரை பாயும் என்று படித்தது என் நினைவுக்கு வந்தது. அப்படிப்பட்ட கடன் சட்டப்படி செல்லாது என்று சொல்லி, ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வழி சொல்லி அனுப்பினேன்.

செல்லாது என்பதை நான் என் இஷ்டத்துக்குச் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன் அனைத்தும் ரத்து என்கிறது. அந்தக் கடனுக்காக ஆளை வேலை வாங்கினால் மூன்றாண்டு வரை சிறை. மாவட்ட ஆட்சியரே இதற்குப் பொறுப்பு. 1843-ல் விட்டுப்போன ‘பற்று’ வரியை அடிக்க 133 ஆண்டுகள் ஆயின.

2015 ஏப்ரல் 7 அன்று, அப்போதைய சித்தூர் மாவட்டத்துச் சேஷாசலக் காட்டில், திருப்பதிக்கு அருகே, செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் அதை மறுத்தார்கள். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. மரம் வெட்டுவது குற்றம்தான், அதிலும் சந்தேகமில்லை. இறந்தவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள், எங்கள் வந்தவாசிக்குக் கூப்பிடு தூரத்து மலைக்காரர்களும் உண்டு. கூலி பேசி, முன்பணம் காட்டி அழைத்து வரும் தரகன் காட்டுக்குள் வருவதில்லை. கட்டை போய்ச் சேரும் வியாபாரியின் பேர் ஊருக்கே தெரிவதில்லை. தேதி ஒற்றுமை தற்செயல்தான். ஆனால் இந்திய அடிமைச் சட்டம் நிறைவேறிய அதே ஏப்ரல் 7 என்பதால், அந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

நாம் செய்யக்கூடியது

அலெக்ஸ் ஹேலி 1976-ல் எழுதிய ‘ரூட்ஸ்’, ஆப்பிரிக்காவில் பிடிபட்ட குண்டா கிண்டேயின் வம்சக் கதை. தெலுங்கில் சஹவாசி மொழிபெயர்த்து ஹைதராபாத் புக் டிரஸ்ட் வெளியிட்ட ‘ஏடு தராலு’ பல பதிப்புகள் கண்டது. தமிழில் ஏ.ஜி. எத்திராஜுலு மொழிபெயர்ப்பில் ‘ஏழு தலைமுறைகள்’. இரண்டு மொழியிலும் ஒரே பேர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் குறைப்படுகிறோம். பாட்டி தமிழ்ப் புத்தகத்தையும் பேரன் தெலுங்குப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் படித்தால், மொழியும் வரும், விஷயமும் ஏறும். சங்க நூலகத்துக்கு இரண்டும் இரண்டிரண்டு படிகள் வாங்கித் தருவதாகச் செயற்குழுவிடம் சொல்லியிருக்கிறேன். ‘எரியும் பனிக்காடு’ம் சிவசுப்பிரமணியன் நூலும் கூடவே வரும்.

இன்னொரு வேண்டுகோள். நம்மில் மில் வைத்திருப்போர், கட்டட வேலை எடுப்போர், மண்டி நடத்துவோர் பலர். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து மேஸ்திரி மூலமாக ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குத் தமிழ் பேசும் முதலாளி என்றால் நம்பிக்கை. அந்த ஆட்களின் கணக்கு அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில், அவர்கள் கையிலும் ஒரு நோட்டாக இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நோட்டு விலை முப்பது ரூபாய்க்குள் அடங்கும். பழைய ஆளோலைகளை நூலாகத்தான் படிக்க வேண்டும், புது ஓலை நம் கடையில் எழுதப்படக் கூடாது.